சிப்பம் ஏன் 26 கிலோ? – வரி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், அரசாங்கம் எதற்கு வரி போடுகிறது, எதை விட்டுவிடுகிறது, ஏன் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி திட்டுதான். கேள்வியாக இருந்தவற்றில் சில இங்கே.

அரிசி சிப்பம் எப்போதும் 25 கிலோதானே வரும்? இப்போது மில்லிலிருந்து 26 கிலோ, 30 கிலோ என்று வருகிறது. வாடிக்கையாளர் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– மளிகைக் கடைக்காரர், தென்காசி

அந்த ஒரு கிலோ வரிக்குப் பயந்து சேர்ந்தது அண்ணாச்சி. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயரோடு விற்கும் அரிசிக்கு மட்டும் 5 சதவீதம் என்றார்கள். மில்காரர்கள் என்ன செய்தார்கள்? பிராண்டைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, அதே படம், அதே மூட்டை, அதே அரிசி என்று விற்றார்கள். சரி, பிராண்டை வைத்துப் பிடிக்க முடியாது என்று புரிந்துகொண்டு, 2022 ஜூலை 18 முதல் ‘முன்கூட்டியே பொட்டலம் போட்டு, லேபிள் ஒட்டியது, 25 கிலோ வரை’ என்று விதியை மாற்றினார்கள். கொஞ்ச நாளிலேயே 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. 1,500 ரூபாய் மூட்டைக்கு 75 ரூபாய் மிச்சம் என்றால் யார் விடுவார்கள்?

நீங்கள் அந்த 26 கிலோவைப் பிரித்து தராசில் இரண்டு கிலோ அளந்து கொடுத்தாலும் வரி கிடையாது. அதே அரிசியை ஐந்து கிலோ பாக்கெட்டாக சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறவருக்கு உண்டு. அவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வாடகை அறையில் சமைத்துச் சாப்பிடும் பையன்கள், மூட்டையாக வாங்கி வைக்க இடமோ மொத்தமாகக் கொடுக்கப் பணமோ இல்லாதவர்கள். வரியைத் தாண்டிக் குதிக்க 26 கிலோ வாங்கும் வசதி வேண்டும். அதுதான் இதில் உறுத்துகிறது.

இது நம் ஊர்க் குசும்பு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1696-ல் வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். பெரிய வீடு என்றால் ஜன்னல் அதிகம், தெருவில் நின்றே எண்ணிவிடலாம், உள்ளே போக வேண்டாம் என்பது கணக்கு. ஜனங்கள் ஜன்னலை செங்கல் வைத்து அடைத்துக்கொண்டு இருட்டில் இருந்தார்கள். 1851 வரை அந்த வரி இருந்தது, அடைத்த ஜன்னல்களை இன்றும் அங்கே பார்க்கலாம். 1784-ல் ஆயிரம் செங்கலுக்கு இவ்வளவு என்று செங்கலுக்கும் வரி வந்ததும் சூளைக்காரர்கள் செங்கலைப் பெரிதாக்கினார்கள். உங்கள் மில்காரருக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

தெருவிளக்கு, சாலை எல்லாம் உபயோகிக்கிறவன் காசு கொடுத்தால் போதாதா? எல்லோரிடமும் ஏன் பிடுங்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், ஈரோடு

நீங்கள் அபார்ட்மென்டில் இருந்திருக்கிறீர்களா? தரைத்தள வீட்டுக்காரர் லிஃப்ட் செலவுக்கு ஏன் தர வேண்டும் என்பார். மூன்றாம் மாடிக்காரர் வாசல் தோட்டத்தை நான் பார்ப்பதே இல்லை என்பார். லிஃப்டுக்காவது சாவி போட்டு, கட்டாதவரை ஏறவிடாமல் செய்யலாம். வாசல் விளக்கை என்ன செய்வீர்கள்? கட்டாதவர் வரும்போது அணைப்பீர்களா? தெருவிளக்கு, கொசு மருந்து, வெள்ளத் தடுப்பு, நீதிமன்றம் எல்லாம் வாசல் விளக்கு வகை. லிஃப்ட் வகைக்குக் கட்டணம் வசூலிக்கலாம், வசூலிக்கிறார்கள், பஸ் டிக்கெட் அதுதான். மற்றதற்கு எல்லோரிடமும் வாங்குவதைத் தவிர வேறு வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எதற்கு வரி போடுவது என்று அரசாங்கம் எப்படி முடிவு செய்கிறது? போட்டித் தேர்வுப் புத்தகத்தில் சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம் என்று நாலு வரி இருக்கிறது. அவ்வளவுதானா?
– தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி

தேர்வில் அந்த நாலையே எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஆனால் கஜானாவில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி வேறு: எங்கே நின்றால் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போயாக வேண்டும்?

பெட்ரோலைப் பாருங்கள். கோடிக்கணக்கான வண்டிகள் போட்டாலும் அது வெளியே வரும் சுத்திகரிப்பு ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே நின்றால் போதும். மது ஆலைகளும் அப்படித்தான், தமிழ்நாட்டில் சில்லறைக் கடைகூட அரசாங்கத்துடையது. துறைமுகம் ஒரு வாசல். பத்திரப் பதிவு அலுவலகம் ஒரு வாசல், பதியாமல் நிலம் உங்கள் பெயருக்கு மாறாது. மாதச் சம்பளம் ஒரு வாசல், கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும். இப்படிக் குறுகலான வாசல் இருக்கும் இடமெல்லாம் வரி கனமாக இருக்கும். வாசலே இல்லாத இடத்தில், அதாவது டியூஷன் எடுப்பவர், வீட்டு வாடகையை ரொக்கமாக வாங்குபவர், கல்யாண மண்டபத்து சமையல் கான்ட்ராக்டர் மாதிரி இடங்களில், சட்டத்தில் வரி இருந்தாலும் கையில் வராது.

வெள்ளைக்காரன் உப்பைப் பிடித்ததும் இதனால்தான். பணக்காரன், ஏழை எல்லோருக்கும் வேண்டும், வாங்காமல் இருக்க முடியாது, உப்பளம் கடற்கரையில் ஒரே இடத்தில் விரிந்து கிடக்கிறது, காவலாள் போட்டால் முடிந்தது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் நடந்தது அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போய் நேரே கடலில் கைவைத்த வேலை. இன்று உப்புக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். அதைத் தொட எந்த நிதியமைச்சருக்கும் துணிச்சல் வராது.

இரண்டாவது கேள்வி, விலை ஏறினாலும் வாங்குவார்களா. மூன்றாவது, யார் சத்தம் போடுவார்கள். சமத்துவம் இதற்கெல்லாம் பிறகு வரும், சில நேரம் வராமலும் போகும்.

டாஸ்மாக்கை மூடு என்றால் வருமானம் போய்விடும் என்கிறார்கள். குடித்துத்தான் நாடு நடக்க வேண்டுமா? மாற்று வழியே இல்லையா?
– அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி

அம்மா, இந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் ஊருக்கு மற்ற ஊர்களைவிட உரிமை அதிகம். ஏனென்றால் இது முதலில் கேட்கப்பட்டதே உங்கள் மண்ணில்தான்.

1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும், அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரியும் நாமக்கல்லும் கிருஷ்ணகிரியும் அடக்கம். அடுத்த வருடம் சித்தூர், கடப்பை. அதற்கடுத்து வட ஆற்காடு. ஆனால் கள், சாராய வருமானம் மாகாணக் கஜானாவைத் தாங்கிய பெரிய தூண்களில் ஒன்று. இன்னொன்று நிலவரி, அதை ஏற்றினால் விவசாயி தாங்கமாட்டான். வருமான வரியோ மத்திய அரசு கையில். அப்போது அவர் எடுத்த முடிவுதான் 1939-ன் பொது விற்பனை வரி. கடைக்காரர் விற்கும் மொத்தத்தின் மேல் ஒரு சிறு விகிதம். இந்தியாவில் எந்த மாகாணமும் அதுவரை அப்படிப் பொதுவாகப் போட்டதில்லை. வியாபாரிகள் கொதித்தார்கள். அதே வருடம் கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது. குடிக்கிறவனிடம் விட்டதைக் கடைக்குப் போகிறவனிடமும் நாடகம், சினிமா பார்க்கிறவனிடமும் பிடித்தார் என்று சொல்லலாம்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த அமைச்சரவை 1939 அக்டோபரில் ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விற்பனை வரியை நிறுத்தவில்லை! 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971-ல் போனது, 1974-ல் மறுபடி வந்தது, 1981-ல் மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு. இவ்வளவு தடவை கதவு திறந்து மூடியும், மதுவுக்கு ஈடாக வந்த விற்பனை வரி ஒரு நாள்கூட வெளியே போகவில்லை. மற்ற மாகாணங்கள் நம்மைப் பார்த்துப் போட ஆரம்பித்தன. அதுவே வளர்ந்து 2007-ல் தமிழ்நாட்டில் வாட் ஆகி, 2017-ல் ஜிஎஸ்டிக்குள் போய்க் கலந்தது. சேலத்தில் கள்ளுக்கடையை மூடியதற்குப் பிறந்த பிள்ளையின் பேரன் இன்று உங்கள் சோப்பு பில்லில் உட்கார்ந்திருக்கிறான்.

சரி, இன்றைய நிலைமை. 2024-25-ல் டாஸ்மாக் வழியாகக் கலாலும் வாட்டுமாக வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இதை விட்டுவிட்டு வேறு எங்கே போவது என்றால், ராஜாஜிக்குக் கிடைத்த வழி இன்றைய முதல்வருக்குக் கிடையாது. ராஜாஜி சட்டசபையில் மசோதா போட்டுப் புது விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று அந்த அதிகாரம் ஜிஎஸ்டி கவுன்சிலில் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு, முடிவுக்கு நாலில் மூன்று வேண்டும். ஒரு மாநிலம் தனியாக சோப்புக்கு அரை சதவீதம்கூட ஏற்ற முடியாது. மாநிலத்தின் கையில் மிச்சம் இருப்பவை மது, பெட்ரோல், பத்திரப் பதிவு, வாகன வரி, மின்சார வரி, அப்புறம் உள்ளாட்சிகள் வாங்கும் சொத்து வரி, தொழில் வரி. இதில் எதை ஏற்றினாலும் அடுத்த நாள் போராட்டம். குடிக்கிறவன் மட்டும்தான் விலை ஏறினால் மறியல் செய்வதில்லை.

என் அபிப்பிராயம்: மூட முடியாது என்பது உண்மையல்ல, ஒரே நாளில் மூட முடியாது என்பதுதான் உண்மை. ஈடு எது என்று சொல்லாமல் மூடுவோம் என்று எந்தக் கட்சி சொன்னாலும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1939-ல் அந்த மனிதர் ஈடு எது என்று சொல்லிவிட்டு, அதற்கான திட்டையும் வாங்கிக்கொண்டார்.

பெட்ரோல் விலைக்கு மத்திய அரசு காரணமா, மாநில அரசு காரணமா? டிவியில் இரண்டு பேரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

இரண்டு பேரும். ஆனால் ஒரே மாதிரி இல்லை. இதை ரூபாய் பைசாவில் பார்த்தால்தான் புரியும்.

2014-ல் மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. கொரோனா நேரத்தில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தரைக்கு வந்தபோது, விலையைக் குறைக்காமல் வரியை ஏற்றி, 2020 மே மாதம் 32.98 ஆக்கினார்கள். 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு அது 32.90. இந்த 32.90-ஐப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைக் கலால் 1.40. சிறப்புக் கூடுதல் கலால் 11. சாலை, உள்கட்டமைப்பு செஸ் 18. விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2.50.

ஏன் நாலு துண்டு? அரசியல் சாசனப்படி மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, 15-ஆவது நிதிக்குழு அதை 41 சதவீதம் என்று வைத்தது. ஆனால் ‘செஸ்’, ‘சர்சார்ஜ்’ என்று பெயர் வைத்தால் பங்கு தர வேண்டாம். அந்தச் ‘சிறப்புக் கூடுதல்’ கலாலும் பங்குக் கணக்கில் சேராது. ஆக, 32.90-ல் பங்குக்கு வந்தது 1.40 மட்டும். அதில் 41 சதவீதம் 57 காசு, அது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 சதவீதம். நீங்கள் ஒரு லிட்டர் போட்டு 32.90 மத்திய வரி கொடுத்தபோது, அதிலிருந்து பங்காகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது இரண்டு காசு சொச்சம்.

இதைச் சொல்லி மாநிலத்தைக் காப்பாற்றவும் முடியாது. மாநிலம் தனியாக வாட் போடுகிறது: 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. சேர்த்தால் இருபது ரூபாயைத் தாண்டும். அந்த 13 சதவீதம் கணக்கிடப்படும் விலைக்குள் மத்தியக் கலாலும் அடக்கம், வரி மேல் வரி. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தபோது ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று பட்ஜெட்டில் சொன்னார்கள். மத்தியமும் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தது. ஆனால் பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமா என்று கவுன்சிலில் பேச்சு எடுத்தால் மட்டும், டிவியில் கை காட்டிக்கொண்ட இரண்டு பேரும் ஒற்றுமையாகிவிடுவார்கள். அவ்வளவு நல்ல வாசலை யார் பூட்டுவார்?

செஸ் என்பது இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்கும் காசு. சொன்ன காரியத்துக்குத்தான் போகிறதா? மாநிலங்களுக்கு இழப்பீடு தருவதற்காக வாங்கிய ஜிஎஸ்டி செஸ்ஸில் முதல் இரண்டு நிதியாண்டுகளில் 47,272 கோடி ரூபாய் அதற்குரிய நிதியில் போடப்படவில்லை என்று மத்தியத் தணிக்கைத் துறையே 2020-ல் எழுதியது. வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் என்று கேட்டு வாங்கிப் போன பணம் அது.

மாதச் சம்பளக்காரன்தான் இளிச்சவாயனா?
– ஐடி ஊழியர், சென்னை

வாசல் என்று மேலே சொன்னேனே, அதில் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். சம்பளம் கைக்கு வருமுன் டிடிஎஸ் போய்விடும். உங்கள் தெருமுனைக் கடைக்காரர் சட்டப்படியே மொத்த விற்பனையில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி முடிக்கலாம், இரண்டு கோடி வரை கணக்குப் புத்தகம் வேண்டாம். மொத்த விற்பனை எவ்வளவு என்பதை அவர்தான் சொல்வார். விவசாய வருமானத்தை மத்திய அரசு தொட முடியாது, அரசியல் சாசனம் அதை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஓட்டை எண்ணிப் பார்க்கும் எந்த மாநிலம் சிறு விவசாயியிடம் போகும்? போகவும் கூடாது. ஆனால் அந்தப் போர்வைக்குள் நூறு ஏக்கர்காரரும் படுத்திருக்கிறார்.

ஒரு ஆறுதல், 2025 பட்ஜெட்டில் புது முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றாகிவிட்டது, சம்பளக்காரருக்குக் கழிவோடு 12.75 லட்சம். இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன், 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவைச் சமாளிக்க 1860-ல் போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்துபோனார். சாபம் என்று நினைக்க வேண்டாம், அப்போது அந்த ஊர்த் தண்ணீர் அப்படி.

பன்னுக்கு வரி இல்லை, கிரீம் வைத்தால் வரி என்றார்களே, அந்தக் கதை என்ன ஆயிற்று?
– பேக்கரி ஊழியர், பொள்ளாச்சி

2024 செப்டம்பரில் கோவைக் கூட்டத்தில் ஓட்டல் முதலாளி ஒருவர் நிதியமைச்சரிடம் நேரிலேயே கேட்டது அது. பன்னுக்குப் பூஜ்யம், கிரீம் வைத்தால் 18, அதனால் வாடிக்கையாளர் பன்னைத் தனியாகவும் கிரீமைத் தனியாகவும் கேட்கிறார் என்றார். ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் 12-ம் 28-ம் எடுக்கப்பட்டு 5, 18, அதோடு சிலவற்றுக்கு மட்டும் 40 என்றானது. கேக், பிஸ்கட் வகையெல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்ததால் சண்டை முக்கால்வாசி அடங்கிவிட்டது. பாப்கார்னுக்கு மட்டும் விடிவு பாதிதான். உப்பு போட்டது 5, கேரமல் போட்டது 18. சர்க்கரை பட்டால் அது மிட்டாய் என்பது அவர்கள் வாதம். எத்தனை விகிதம் வைத்தாலும் நடுக்கோட்டில் ஒரு பண்டம் வந்து உட்காரும், கோடுகளைக் குறைத்தால் சண்டையும் குறையும், அவ்வளவுதான் செய்ய முடியும்.

சிகரெட்டுக்குப் போடுகிற வரி பீடிக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். போட்டால் எங்கள் கதி என்ன?
– பீடி சுற்றும் தொழிலாளி, ஆலங்குளம்

உங்கள் கதியை நினைத்துத்தான் போடவில்லை அக்கா, உங்கள் ஓட்டையும் நினைத்து. சிகரெட்டுக்கு ஜிஎஸ்டிக்கு மேல் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தது, பீடிக்கு அந்த செஸ் எப்போதுமே கிடையாது. 2025 செப்டம்பரில் கவுன்சில் பீடிக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைக்கவும் முடிவெடுத்தது. மருத்துவர்கள் சொல்வது வேறு, நுரையீரலுக்குப் பீடியும் சிகரெட்டும் ஒன்றுதான், மலிவாக இருப்பதால் ஏழையின் நுரையீரல் முதலில் போகிறது என்கிறார்கள். அது உண்மை. திண்ணையில் முறத்தை மடியில் வைத்து ஆயிரம் பீடி சுற்றிக் கொடுத்து அன்றைய கூலி வாங்கும் உங்களுக்கு வேறு வேலை காட்டாமல் வரியை ஏற்றினால் பாதிப்பு யாருக்கு என்பதும் உண்மை. வரி ஏற்றுவதற்கு ஒரே இரவு போதும். மாற்று வேலைக்குப் பத்து வருடமாவது வேண்டும், அந்தப் பத்து வருடத்தை யாரும் ஆரம்பிக்கவே இல்லை.

வீட்டு வரியை இப்படி ஏற்றிவிட்டார்களே, நியாயமா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: பொருளாதாரம் படித்தவர்களைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல வரி அதுதான் என்பார்கள். நிலம் ஓடிப்போகாது, ஒளிக்க முடியாது, வீடு உள்ளவரிடம்தான் வாங்குகிறோம், அந்தக் காசு உங்கள் தெருக் குப்பைக்கும் சாக்கடைக்கும்தான் போகிறது. பெட்ரோல் வரி கொடுப்பது தெரியாது, இதற்கோ உங்கள் பெயர் போட்டு நோட்டீஸ் வருகிறது. அதனாலேயே அரசியல்வாதிக்கு இது பிடிக்காது.

சென்னையின் பழைய பகுதிகளில் 1998-லும் மற்ற ஊர்களில் 2008-லும் ஏற்றியதோடு நின்றுபோனது. 2018-ல் ஏற்றினார்கள், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி, 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றம் என்று அறிவிப்பு! தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் உங்களுக்கு உறைத்திருக்காது. பதினைந்து வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்ததுதான் அநியாயம். ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறார்கள், அதையாவது விடாதீர்கள்.

சானிட்டரி நாப்கினுக்கு வரி எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். விலை அப்படியொன்றும் குறையவில்லையே?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

2017-ல் 12 சதவீதம் போட்டு, நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, 2018 ஜூலையில் எடுத்தார்கள். ஆனால் ஜிஎஸ்டியில் பூஜ்யம் என்பதற்கு ஒரு உள்குத்து உண்டு. பொருளுக்கு வரி இருந்தால், அதைச் செய்ய வாங்கிய பஞ்சு, பிளாஸ்டிக், பேக்கிங் எல்லாவற்றுக்கும் கொடுத்த வரியைக் கம்பெனி கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லை என்று விலக்கினால் கழிக்க முடியாது, அந்தப் பழைய வரி விலைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 12 எடுத்தார்கள் என்றால் 12-ம் குறையாது. இதற்காகப் போராடியது வீண் என்று சொல்லமாட்டேன். விலக்கு கொடுத்துவிட்டோம் என்ற அறிவிப்பைக் கேட்டால், மூலப்பொருள் வரி என்ன ஆயிற்று என்றும் அடுத்த தடவை சேர்த்துக் கேளுங்கள்.

இங்கே வருமான வரியே இல்லை. நம் ஊரில் மட்டும் ஏன் முடியவில்லை?
– ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்

பூமிக்குள் எண்ணெய் இருக்கிறது தம்பி, பூமிக்கு மேலே ஆட்கள் குறைவு. அது போக, வரி இல்லை என்பதும் பாதிதான் சரி. 2018 ஜனவரி முதல் 5 சதவீத வாட் கொடுக்கிறீர்கள். 2017 அக்டோபரிலிருந்து சிகரெட்டுக்கும் எனர்ஜி டிரிங்குக்கும் 100 சதவீதம். 2023 ஜூன் முதல் கம்பெனி லாபத்துக்கு 9 சதவீதம். பக்கத்தில் துபாயில் வாடகைக்கு இருப்பவரின் கரண்ட்-தண்ணீர் பில்லில் ஆண்டு வாடகையின் 5 சதவீதம் மாதாமாதம் பிரிந்து வரும், அதை அவர்கள் வரி என்று சொல்வதில்லை, கட்டணம் என்பார்கள். எண்ணெய் விலை 2014-க்குப் பிறகு விழுந்ததும்தான் அவர்களும் வாசல் தேட ஆரம்பித்தார்கள்.

வரியைக் குறைத்தால் சனங்களுக்கு நல்லதுதானே? எங்கட நாட்டில் குறைத்துத்தான் எல்லாம் கவிழ்ந்தது என்கிறார்கள்.
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

அது மட்டும் காரணமில்லை, கடன், கொரோனா, 2021-ல் ஒரே இரவில் இரசாயன உரத் தடை எல்லாம் சேர்ந்தது. ஆனால் முதல் கல்லை உருவியது 2019 டிசம்பரில். வற் (இங்கே வாட்) வரி 15-லிருந்து 8. சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி நிறுத்தம். ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்பனை இருந்தால் பதிய வேண்டும் என்பதை 30 கோடியாக உயர்த்தினார்கள். தேசிய வருமானத்தில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருவாய் அடுத்த வருடமே 8-க்கு வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு.

வீதத்தைக் குறைத்ததைவிடப் பெரிய பிழை, பதிவில் இருந்தவர்களை வெளியே விட்டது. வீதத்தை ஒரு வர்த்தமானியில் ஏற்றிவிடலாம். பதிவிலிருந்து போனவரைத் திரும்பக் கூப்பிட்டால் வருவாரா? அவர்கள் வராததால், அவசரத்துக்குக் கையில் இருந்த வற் மீதே எல்லாப் பாரமும் ஏறியது. 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. உங்கள் கடைச் சிட்டையில் நீங்கள் இப்போது பார்ப்பது அந்தக் குறைப்பின் பாக்கி, ஆசிரியரே.

கார் வாங்கும்போது சாலை வரி, பெட்ரோலில் சாலை செஸ், பிறகு சுங்கச்சாவடி. ஒரே சாலைக்கு மூன்று தடவையா?
– வாடகைக் கார் உரிமையாளர், விழுப்புரம்

மூன்று தடவைதான், ஆனால் மூன்று பைகளுக்கு. சாலை வரி என்று நாம் சொல்லும் ஆயுள் வரி மாநிலத்துக்கு. 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான சொந்தக் காருக்கு 18 சதவீதம். பெயரில்தான் சாலை இருக்கிறது, பணம் பொதுக் கஜானாவுக்குப் போய் சம்பளமாகவும் பென்ஷனாகவும் கலந்துவிடும். செஸ் மத்திய அரசுக்கு. சாவடிக் காசு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கோ சாலை போட்ட கம்பெனிக்கோ. உபயோகிக்கிறவன் கொடுக்கட்டும் என்று ஈரோட்டு நண்பர் மேலே கேட்டாரே, அதன் சுத்தமான உதாரணம் இந்தச் சாவடிதான், அதைத்தான் ஜனங்கள் அதிகம் திட்டுகிறார்கள். செஸ்ஸை யாரும் திட்டுவதில்லை, பம்பில் அது கண்ணுக்குத் தெரியாதே. மின்சாரக் கார் பெருகினால் அந்த செஸ் தானாகத் தேயும், அப்போது சாவடிகள் கூடும் என்பது என் ஊகம்.

உங்களுக்கு உதவாத, ஆனால் சொந்தக் கார் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு உதவும் தகவல்: 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக்கில் வருடாந்திர பாஸ் தருகிறார்கள், ஆரம்பத்தில் 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலோ அது. வாடகை வண்டிக்குக் கிடையாது, மாநில அரசின் சாலைச் சாவடிகளிலும் செல்லாது.